அச்சத்தின் இடப்பெயர்வு: ‘ஏலியன்’ (1979) திரைப்படத்தை மீளக் காணுதல் – தொல்காப்பிய மெய்ப்பாட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ (1979), முடிவு தெரிந்த பின்னும் பார்வையாளரிடம் பதற்றத்தை எழுப்பும் அறிவியல் புனைவுத் திகிற்படங்களுள் ஒன்று. இப்பதற்றம் முதன்முறை கண்டபோது எழுந்த அதே பதற்றம்தானா என்பது இக்கட்டுரையின் வினா. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு இப்படம் இங்கு மீளப் பார்க்கப்படுகிறது. முதல் பார்வையில் முன்னிரண்டைச் சார்ந்து நிற்கும் அச்சம், மறுபார்வையில் பின்னிரண்டுக்கு இடம்பெயர்கிறது என்பதும், அவ்விடப்பெயர்வுக்குரிய சான்றுகள் படத்துள் தொடக்கம் முதலே வைக்கப்பட்டுள்ளன என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏலியன், ரிட்லி ஸ்காட், மெய்ப்பாட்டியல், அச்சம், மருட்கை, பதற்றம், மறுபார்வை.

முன்னுரை

இளமையில் கண்ட திகிற்படம் ஒன்றைப் பல்லாண்டுகள் கழித்து மீளக் காண்போர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். அன்று அச்சுறுத்திய உருவம் இன்று வெறும் ரப்பராகத் தெரியும். அன்று மூச்சை நிறுத்திய காட்சி, அடுத்து வருவது தெரிந்தமையால் இன்று நீண்டு தோன்றும். நகைச்சுவைப் படத்தை மீளக் காணும்போது பழைய சிரிப்பில் ஒரு பகுதியேனும் திரும்பக் கிடைக்கும். திகிற்படத்திற்கு அந்த வாய்ப்பும் குறைவு. அதன் முதலே அறியாமைதான்.

இக்கட்டுரையாளர் ‘ஏலியன்’ படத்தை முதலில் கண்டது பதினாறாம் வயதில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். படியிலிருந்து படியெடுத்துக் கருமை மண்டிய நாடா அது. 2.35க்கு 1 என்னும் விகிதத்தில் அகன்ற திரைக்கென எடுக்கப்பட்ட படத்தை, அக்காலத் தொலைக்காட்சியின் 1.33க்கு 1 என்னும் சட்டகத்துள் முழு உயரத்தில் நிரப்பினால், படப்பரப்பில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் வெட்டுண்டு போகும். ஆகவே அன்று கண்டது இருட்டும், வெட்டுண்ட உருவங்களும், இடையிடையே பாயும் ஒரு பல்வரிசையுமே. அவ்வச்சம் போதுமானதாக இருந்தது. அதன்பின் பல நாள்கள் விளக்கை அணைக்காமல் உறங்க நேர்ந்தது.

அண்மையில் அதே படத்தை முழு அகலத்தில், தெளிந்த படியில் மீளக் கண்டபோது எதிர்பார்த்த அச்சம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. அது குறையவுமில்லை, வேறிடத்தில் இருந்தது. அந்த வேறிடம் எது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் பின்புலமும்

1979 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியான இப்படம், ரிட்லி ஸ்காட்டின் இரண்டாவது முழுநீளப் படம். கதையை டான் ஓபானனும் ரொனால்ட் ஷூசெட்டும் அமைத்தனர், திரைக்கதை ஓபானனுடையது. தயாரிப்பாளர்களான வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் அதைத் திருத்தி எழுதினர். இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்புக் கூடத்தில் படமாக்கப்பட்டது. ஓபானன் இதற்கு முன் ஜான் கார்பென்டருடன் உருவாக்கிய ‘டார்க் ஸ்டார்’ (1974) படத்தில், வேற்றுக்கோள் உயிரியாக வந்தது கால்கள் ஒட்டப்பட்ட ஒரு கடற்கரைப் பந்து. அது சிரிப்புக்காகவே வந்தது. அதே வகைச் சூழலை அச்சத்திற்கு உரியதாக்குவது அவருடைய அடுத்த முயற்சியாயிற்று.

கதைக்களன் நாஸ்ட்ரோமோ என்னும் வணிக விண்கலம். இரண்டு கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு புவிக்குத் திரும்பும் அக்கலத்தில் எழுவர் உள்ளனர்: தலைவர் டல்லஸ், கேன், ரிப்லி, லாம்பர்ட், அறிவியல் அதிகாரி ஆஷ், பொறிப்பணியாளர்களான பார்க்கர், பிரெட். ஜோன்ஸ் என்றொரு பூனையும் உண்டு. நெடுந்துயிலில் இருந்த அவர்களைக் கலத்தின் ‘மதர்’ என்னும் கணினி இடைவழியில் எழுப்புகிறது. அறியாத சிறுகோள் ஒன்றிலிருந்து குறிசெய்கை ஒன்று வருகிறது. அதை ஆராய இறங்கியவருள் ஒருவரான கேனின் முகத்தை முட்டையிலிருந்து பாய்ந்த உயிரி ஒன்று பற்றிக்கொள்கிறது. அவ்வுயிரி அவர் உடலுக்குள் விதைத்துச் சென்ற மற்றொன்று அவர் மார்பைப் பிளந்து வெளிவந்து, வளர்ந்து, கலத்தில் உள்ளோரை ஒவ்வொருவராகக் கொல்கிறது. இறுதியில் எஞ்சுபவர் ரிப்லியும் பூனையும் மட்டுமே.

கதை புதியதன்று. 1958இல் வந்த ‘இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்’, மாரியோ பாவாவின் ‘பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்’ (1965) ஆகியவற்றின் சாயலைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். புதியது கதை சொல்லப்பட்ட முறை. இதில் வருவோர் வீரரும் அறிஞரும் அல்லர். கூலி பேசும் தொழிலாளர். உணவு மேசையில் அவர்கள் முதலில் விவாதிப்பது விண்வெளியின் வியப்புகளை அன்று. மிகையூதியத்தில் தமக்கு ஏன் குறைந்த பங்கு என்று பார்க்கரும் பிரெட்டும் முறையிடுகின்றனர். பதினாறு வயதில் அக்காட்சி, உயிரி வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய வெற்றுப் பேச்சாகவே பட்டது.

தெரிந்த பின்னும் பதற்றமா?

பதற்றத்திற்கும் திடுக்கீட்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடனான நேர்காணலில் மேசைக்கடியில் உள்ள வெடிகுண்டைக் கொண்டு விளக்கினார். குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் சில நொடித் திடுக்கீடு. தெரிந்து, மேசையில் அமர்ந்தோருக்கு மட்டும் தெரியாதிருந்தால் நெடும்பதற்றம். எனவே பதற்றத்திற்கு வேண்டியது முழு அறியாமை அன்று. அறிவு சமமின்றிப் பகிரப்பட்டிருத்தல். இது நினைவிற்கொள்ளத்தக்கது. மறுமுறை காண்பவர் எல்லாக் குண்டுகளையும் அறிந்தவர்.

ஆயினும் முடிவை முன்னரே அறிந்தவர் எதற்குப் பதற வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது. கெண்டல் வால்டன், பார்வையாளர் ஈடுபடும் பாவனை விளையாட்டுக்குள் அவர் முடிவறியாதவராகவே இருக்கிறார் என்றார். நோயல் கரோல், முடிவை அறிந்திருந்தும் அது உறுதியற்றது என்னும் எண்ணத்தை மனத்தில் ஏந்திப் பார்க்க இயலும் என்றார். ரிச்சர்ட் கெரிக், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்ததாகவே எதிர்கொள்ளும் மனத்தின் இயல்பைக் காரணமாக்கினார். மூவர் விளக்கங்களும் தம்முள் வேறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றன: மறுபார்வையில் திரும்புவது பழைய பதற்றமே என அவை கொள்கின்றன. ‘ஏலியன்’ அவ்வாறன்றி, பழைய பதற்றம் தேய்ந்த இடத்தில் வேறொன்றை வைக்கிறது. அவ்வேறுபாட்டைப் பெயரிட்டுக் காட்ட, அச்சத்தை அதன் தோற்றுவாய் கொண்டு வகைப்படுத்தும் ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நந்நான்காக வகுக்கிறது. அச்சத்திற்கு உரியவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. அணங்கு என்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டு வருத்துவது; விலங்கு கொல்லும் இயல்புடையது; கள்வர் மறைந்து தீங்கிழைப்போர்; இறை என்பது ஒருவர் அடங்கி நிற்க வேண்டிய தலைமை. அரசரோடு தந்தையும் ஆசிரியரும் இறை என்பதனுள் அடங்குவர் என்பது பழைய உரைவழக்கு.

இவ்வரிசையை நோக்கினால் ஒன்று விளங்கும். முன்னிரண்டும் மனிதருக்குப் புறம்பானவை. பின்னிரண்டும் மனிதருக்குள்ளேயே உள்ளவை. ஒன்று மறைவிலிருந்தும் மற்றொன்று மேலிருந்தும் வருகின்றன. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய வழிப்பறிக் கள்வனின் செயலோடு ஒப்பிடுவதையும் இங்கு எண்ணலாம்.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு எழுந்த இலக்கணம். அகன்ற திரைக்கு எழுந்ததன்று. இப்படத்தை ஆக்கியோர்க்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை. இங்கு அது கருவியாக மட்டுமே கொள்ளப்படுகிறது. மெய்ப்பாடு என்பது ஒருவர்பால் நிகழும் உணர்வு உடல்வழியே புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதல் என்னும் இளம்பூரணரின் விளக்கம், நடிப்பையும் பார்வையாளரையும் ஒருங்கே கருதுவதால், திரைப்படத்திற்கு அது வலிந்து பொருத்தப்பட்டதாகாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அணங்கும் விலங்கும்

உயிரியை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர். எலும்பும் குழாயும், தசையும் உலோகமும் பிரித்தறிய இயலாதபடி பின்னிய அவருடைய ‘நெக்ரோனோம் 4’ என்னும் ஓவியமே உயிரியின் மூலவடிவம். நீண்டு பின்னோக்கிய தலையில் கண்கள் புலப்படா. எங்கு நோக்குகிறது என்பது தெரியாத ஒன்றிடமிருந்து தப்புவது எப்படி? விலங்கின் வேட்டையும் அணங்கின் அறியவொண்ணாமையும் இவ்வடிவத்தில் ஒன்றாகின்றன. அதனுள் நின்று நடித்தவர் போலாஜி படேஜோ என்னும் நைஜீரியர். ஏழடியை நெருங்கும் உயரமும் மெலிந்த உடலும் கொண்டவராதலால் உடைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்னும் எண்ணம் எளிதில் எழுவதில்லை.

உயிரி முழு வடிவில் திரையில் தோன்றும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அது வரக்கூடும் என்னும் நேரம். பிரெட் பூனையைத் தேடிச் செல்லும் காட்சியில் சங்கிலிகள் அசைகின்றன, நீர் சொட்டுகிறது, அவர் தொப்பியைக் கழற்றி அந்நீரில் முகத்தை நனைக்கிறார். எதுவும் நிகழாத அந்த நெடும்பொழுதே காட்சியின் உயிர். டல்லஸ் காற்றுக்குழாய்களுக்குள் தவழும் காட்சியில் உயிரியைக் காட்டுவது நகரும் ஒரு புள்ளி, அது நெருங்குவதைத் திரையில் காண்பவர் லாம்பர்ட், அறியாதவர் டல்லஸ். ஹிட்ச்காக்கின் மேசை இங்குக் குழாயாகியுள்ளது.

இப்பகுதியில் அச்சத்தோடு மருட்கையும் உடனிகழ்கிறது. மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. கைவிடப்பட்ட வேற்றுக்கலமும் அதனுள் இருக்கையோடு ஒன்றிக் கல்லாகிப்போன பேருருவமும் பெருமை. (அப்பெருமையை மிகுவிக்க, ஸ்காட் தம் சிறு மகன்களுக்கு விண்ணுடை அணிவித்துத் தொலைக்காட்சித் துண்டுகளில் நடக்கவிட்டார், சிறுவர் நின்றதால் அரங்கு பேருருக் கொண்டது.) கேனின் மார்பிலிருந்து தலைநீட்டும் குட்டி சிறுமை. முட்டை, முகம்பற்றும் உயிரி, குட்டி, வளர்ந்த கொலைவடிவம் என ஒன்று மற்றொன்றாவது ஆக்கம். நான்கனுள் ஆக்கமே அச்சத்திற்குப் பெரிதும் உதவுகிறது. அடுத்து எது வரும் என்பதோடு அடுத்து எதுவாகி வரும் என்பதும் தெரியாமல் போகிறது.

மார்பு பிளக்கும் காட்சி பற்றிப் பலவும் எழுதப்பட்டுவிட்டன. பார்பரா கிரீட் போன்றோர் அதைப் பிறப்பு, பெண்ணுடல் ஆகியவற்றைச் சுற்றிய அச்சங்களாக விரிவாக ஆராய்ந்துள்ளனர். நடிகர்க்கு நிகழப்போவதன் பொதுவடிவம் தெரியும். குருதி எவ்வளவு, எத்திசையில் பாயும் என்பது தெரியாது. முகத்தில் குருதி தெறித்த வெரோனிகா கார்ட்ரைட்டின் உடல் பின்வாங்குவது, இளம்பூரணர் கூறும் பொருளில் மெய்ப்பாடாகவே திரையில் பதிந்துள்ளது.

ஆயினும் உண்மையைக் கூறவேண்டும். மறுபார்வையில் இவ்வச்சங்கள் மங்குகின்றன. குட்டி மேசைமீது விரைந்தோடும் காட்சித்துண்டு இன்று சற்றே சிரிப்பூட்டுகிறது. வளர்ந்த உயிரி நிமிர்ந்து நிற்கும் இரண்டோர் இடங்களில் உடைக்குள் இருக்கும் மனிதர் தெரிகிறார். கடைசிச் சிறுகலத்தில், குழாய்களுக்கிடையே உயிரியின் தலை அசையாமல் முன்னரே காட்சியில் இருப்பதை முதன்முறை காணாத கண், இம்முறை உடனே கண்டுகொள்கிறது. அணங்கும் விலங்கும் பழகிப்போயின.

கதவு

மறுபார்வையில் நெஞ்சைப் பிடிப்பது உயிரி இல்லாத ஒரு காட்சி. அதில் ஒரு கதவும், ஒரு விதியும், மூன்று குரல்களும் மட்டுமே உள்ளன.

முகத்தில் உயிரி பற்றிய கேனைத் தூக்கிக்கொண்டு டல்லஸும் லாம்பர்ட்டும் கலத்தின் வாயிலுக்கு வருகின்றனர். டல்லஸும் கேனும் வெளியே சென்றிருப்பதால் உள்ளே பொறுப்பில் இருப்பவர் ரிப்லி. என்ன நேர்ந்தது என்று அவர் கேட்கிறார். ஏதோ ஒன்று கேனின் முகத்தைப் பற்றியுள்ளது என்கிறார் டல்லஸ். உள்ளே விட்டால் தொற்று பரவக்கூடும். விதிப்படி 24 மணிநேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்கிறார் ரிப்லி. அதற்குள் கேன் இறந்துவிடுவார் என்று டல்லஸ் வாதிடுகிறார். கதவைத் திற என்று லாம்பர்ட் கூவுகிறார். தலைவரின் ஆணை என்று டல்லஸ் சொல்லியும் ரிப்லி மறுக்கிறார். அப்போது உட்கதவு திறக்கிறது. திறந்தவர் ஆஷ்.

பதினாறு வயதில் இக்காட்சியைக் கண்டபோது மனம் கதவுக்கு வெளியே நின்றது. சாகும் ஒருவரை வெளியில் நிறுத்தி விதி பேசும் ரிப்லி மீது சினம் எழுந்தது. திறந்த ஆஷ் மனிதநேயர் எனப்பட்டார். அன்றைய பார்வையாளர் பலரும் அவ்வாறே உணர்ந்திருப்பர் என்று கருத இடமுண்டு. நடிகர் பெயர்ப்பட்டியலில் முதலிடம் டல்லஸாக நடித்த டாம் ஸ்கெரிட்டுக்கு; சிகர்னி வீவர் அப்போது அறியப்படாதவர். கதைத்தலைவர் யார் என்பதைப் படம் அதுவரை வெளியிடவே இல்லை. படத்தின் 2003ஆம் ஆண்டு இயக்குநர் பதிப்பில், உள்ளே வந்த லாம்பர்ட் ரிப்லியின் கன்னத்தில் அறையும் காட்சி மீளச் சேர்க்கப்பட்டது. அவ்வறை பார்வையாளர் சார்பாகவும் விழுந்ததே.

மறுமுறை காணும்போது காட்சியில் ஒரு சட்டகமும் மாறவில்லை. நாம் நிற்கும் பக்கம் மாறிவிட்டது. விதியைப் பற்றி நின்ற ரிப்லி பக்கம் நின்று, கதவு திறக்கக்கூடாது என்று வேண்டுகிறோம். திறக்கும் என்று தெரிந்தே வேண்டுகிறோம். அதைவிடக் கடினமானது வேறொன்று. அன்று நாம் இரக்கம் எனக் கொண்டது ஒரு கட்டளையின் நிறைவேற்றம். ஆஷ் கேனுக்காகக் கதவைத் திறக்கவில்லை. கேனின் முகத்தில் இருந்ததற்காகத் திறந்தார். நம் இரக்கம் அவருக்கு மறைவாக அமைந்தது. பின்னர், தனிமைப்படுத்தும் விதியை ஏன் மீறினீர் என்று ரிப்லி தனியே கேட்கும்போது, டல்லஸும் கேனும் வெளியேறிய நிலையில் நீங்களே மூத்த அதிகாரி என்பதை மறந்துவிட்டேன் என்று ஆஷ் விடையிறுக்கிறார். முதன்முறை அது சாதாரணத் தடுமாற்றம். இப்போது கேட்கையில், மறத்தல் என்பதே இயலாத ஒன்றின் வாயிலிருந்து வந்த சொல் அது.

இக்காட்சியில் எவரும் அஞ்சி நடுங்குவதில்லை. கதவு திறக்கும் ஒலி மெல்லியது. எனினும் அறுவரின் சாவு அங்கேயே முடிவாகிவிட்டது. உயிரி செய்தது அதன்பின் எஞ்சிய வேலையே.

கள்வன்

ஆஷ் எந்திர மனிதன் என்பது படத்தின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. அதை அறிந்து காண்பவர்க்கு முற்பகுதி முழுதும் வேறு படமாகிறது. குறிசெய்கையை ஆராய மறுத்தால் ஊதியப் பங்கு முழுதும் இழக்கப்படும் என்னும் ஒப்பந்த விதியை உணவு மேசையில் எடுத்துக்கூறுபவர் ஆஷ். அச்செய்கை உதவிக்குரலன்று, எச்சரிக்கை போலிருக்கிறது என்று ரிப்லி கண்டறிந்து வெளியே சென்றோரைத் தடுக்க முனையும்போது, நீங்கள் அங்கே சேர்வதற்குள் அவர்களே அறிந்திருப்பர், போய் என்ன பயன் என்று நிறுத்துபவர் ஆஷ். மார்பைப் பிளந்து வந்த குட்டியைப் பார்க்கர் கத்தியால் தாக்க ஓங்கும்போது தொடாதே என்று தடுப்பவர் ஆஷ். உயிரியைக் கண்டுபிடிக்க எல்லாரும் நம்பி ஏந்திச் செல்லும் அசைவுகாட்டும் கருவியைச் செய்து தந்தவரும் அவரே. டல்லஸ் இறந்தபின், அறிவியல் துறையிடம் ஆலோசனை உண்டா என்று ரிப்லி கேட்க, தரவுகளை இன்னும் தொகுத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.

இயன் ஹோம் இப்பாத்திரத்தை நடித்த முறையே மறுபார்வைக்குரிய பெருங்கொடை. அவர் எதையும் ஒளிப்பதாக நடிக்கவில்லை. உணவு மேசையில் கேன் இருமத் தொடங்கும் முன்பே அவர் பார்வை கேன் மீது பதிகிறது. தனியே இருக்கும்போது நின்ற இடத்திலேயே சிறிது ஓடுகிறார். உடலைப் பழக்கும் மனிதனைப் போன்றும், மனித உடலின் பழக்கத்தை ஒத்திகை பார்ப்பவனைப் போன்றும் அது தோன்றுகிறது. ரிப்லியைத் தாக்குமுன் அவர் நெற்றியோரம் ஒரு துளி வழிகிறது. அது வெண்மையானது. கருமை மண்டிய நாடாவில் அது வியர்வையாகவே பட்டது.

இங்கே மெய்ப்பாட்டுக் கொள்கை எதிர்பாராத வகையில் உதவுகிறது. உணர்வு உடல்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதல் மெய்ப்பாடெனில், உடல் இருந்தும் அவ்வாறு எதுவும் புறப்படாதவர் ஆஷ். கண்ணற்ற உயிரியிடம் எதை வாசிக்க இயலவில்லையோ அதையே கண்ணுள்ள ஆஷிடமும் வாசிக்க இயலவில்லை. இருவரும் ஓரினம். துண்டிக்கப்பட்ட தலையாக மேசைமீது கிடந்து பேசும்போது, மனச்சான்றும் கழிவிரக்கமும் அற்ற அவ்வுயிரியின் தூய்மையைத் தாம் வியப்பதாக அவர் கூறுவது இவ்வுறவின் ஒப்புதலே. எஞ்சியோர்க்குத் தம் அனுதாபத்தைத் தெரிவித்து அவர் புன்னகைக்கிறார். படத்தில் அவர் முகத்தில் தெளிவாகத் தோன்றும் மெய்ப்பாடு அதுவொன்றே என்று சொல்லத் தோன்றுகிறது.

கள்வர் என்னும் நிலைக்களன் இங்கு முழுதும் பொருந்துகிறது, ஒரு வேறுபாட்டோடு. இலக்கணம் கருதும் கள்வர் வழியில் எதிர்ப்படுவோர். இக்கள்வர் உடனிருந்து உண்பவர். டல்லஸ் ரிப்லியிடம் கூறும் ஒரு செய்தி முதன்முறை காதில் விழாமலே போகக்கூடியது: தம்முடன் ஐந்துமுறை பயணம் செய்த அறிவியல் அதிகாரியை, தீடஸிலிருந்து புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் மாற்றி ஆஷை அனுப்பினர் என்பது அது. கள்வர் தாமாக வரவில்லை, பணியமர்த்தப்பட்டார்.

இறை

பணியமர்த்தியவர் யார் என்பதற்கு விடை, ரிப்லி ‘மதர்’ கணினியின் அறையில் தனியே அமர்ந்து கேட்கும்போது திரையில் எழுத்துகளாக வருகிறது. சிறப்பு ஆணை 937: உயிரியை ஆய்வுக்குக் கொண்டுவருவதே முதன்மை, பிற யாவும் அதற்குப் பின், பணியாளர் இழக்கத்தக்கோர். அறிவிப்பவர் முகம் இல்லை, குரல் இல்லை. கலத்தின் உரிமையாளரான நிறுவனத்தைச் சார்ந்த எவரும் படம் முழுவதிலும் ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. அந்த அறை வெண்மையானது, ஒளிமிக்கது. கலத்தின் இருண்ட தாழ்வாரங்கள் எதிலும் இல்லாத அச்சம் அவ்வொளியில் எழுகிறது.

தொல்காப்பியம் கூறும் இறையச்சத்திற்கும் இதற்கும் உள்ள இடைவெளியையும் குறிப்பிட வேண்டும். அங்கே தலைமை அறிந்த தலைமை. அதன் முன் தாம் இழைத்த தவறு பற்றி அஞ்சுவது அவ்வச்சத்தின் இயல்பான வடிவம். நாஸ்ட்ரோமோவில் உள்ளோர் எத்தவறும் இழைக்கவில்லை. நிறுவனம் சொல்வதைச் செய்வதே நடைமுறை என்று டல்லஸ் ரிப்லியிடம் கூறுகிறார், அதன்படியே நடக்கிறார், அதனாலேயே இறக்கிறார். தவறிழைத்தோர் தலைமைக்கு அஞ்சும் அச்சம், இங்குக் கீழ்ப்படிந்தோர் தலைமைக்கு அஞ்சவேண்டிய அச்சமாகத் திரிந்துள்ளது. இலக்கணத்தில் தனித்தனியே நின்ற கள்வரும் இறையும் இங்கு ஒன்றன் கையில் ஒன்று இயங்குகின்றன. வள்ளுவர் வேலையும் கோலையும் ஒப்பிட்ட இடத்திற்கு இது நெருக்கமானது.

கலத்தின் பெயரும் இதனோடு தொடர்புடையது. ‘நாஸ்ட்ரோமோ’ என்பது ஜோசப் கான்ராட் 1904இல் வெளியிட்ட நாவலின் பெயர். வெள்ளிச் சுரங்கம் ஒன்றின் நலன்களுக்காக உழைத்துப் பயன்படுத்தப்படும் நம்பகமான தொழிலாளியின் பெயரும் அதுவே. ரிப்லி இறுதியில் தப்பிச்செல்லும் சிறுகலத்தின் ‘நார்சிசஸ்’ என்னும் பெயரும் கான்ராடின் கதைக்கப்பல் ஒன்றுக்குரியது. கடலோடியாக வாழ்ந்து கப்பல் முதலாளிகளையும் மாலுமிகளையும் அறிந்த ஓர் எழுத்தாளரின் உலகத்தைப் படைத்தோர் எண்ணியே பெயரிட்டனர் என்பது தெளிவு.

இதன்பின், முதன்முறை சலிப்பூட்டிய ஊதியப் பேச்சு திரும்ப வருகிறது. பார்க்கரும் பிரெட்டும் தம் பங்கு குறைவு என்று முறையிட்டபோது மற்றோர் சிரித்தனர். நாமும் உடன் சிரித்தோம். யாஃபெட் கோட்டோவும் ஹாரி டீன் ஸ்டாண்டனும் அக்காட்சியை நகையாகவே நடித்தனர். எனினும் தம் உழைப்புக்கு நிறுவனம் என்ன விலை வைத்துள்ளது என்று அக்கலத்தில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அவ்விருவரே. அவர்கள் நினைத்ததைவிட அவ்விலை குறைவு என்பது ஆணை 937இல் தெரிகிறது. முதற்காட்சியில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை எனக் கருதிய முதல் அரைமணி நேரம், மறுகாட்சியில் படத்தின் பதற்றம் மிக்க பகுதியாகிவிட்டது. மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்கு இப்போது தெரியும். அமர்ந்திருப்போர் மிகையூதியம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

இறுதிக் காட்சியில் உயிரியைச் சிறுகலத்திலிருந்து வெளியேற்றிய பின், ரிப்லி தம் அறிக்கையைப் பதிவு செய்கிறார். இளமையில் அது பெருமூச்சுக்குரிய இடம்; பூனை மடியில் இருக்கிறது, ஹோவர்ட் ஹான்சனின் சிம்பொனி அமைதியாக ஒலிக்கத் தொடங்குகிறது. மறுமுறை அவ்வறிக்கையின் சொற்களைக் கேட்க நேர்ந்தது. கேன், லாம்பர்ட், பார்க்கர், பிரெட், ஆஷ், தலைவர் டல்லஸ் ஆகிய பணியாளர் இறந்தனர் என்கிறார். ஆஷின் பெயரும் அவ்வரிசையில் உள்ளது. சரக்கும் கலமும் அழிந்தன என்கிறார். ஆணை 937 பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. நாஸ்ட்ரோமோவில் கடைசியாக எஞ்சியவர் என்று தம்மைக் கூறிப் பதிவை முடித்துவிட்டு, அவர் மீண்டும் நெடுந்துயிலுக்குச் செல்கிறார்.